மீனுக்குள் ஒரு பஞ்சாங்கம்

ஜப்பானிய அரசு வெளியிடும் உணவுச் சத்து அட்டவணையில் கட்சுவோ மீனுக்கு இரண்டு வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். வசந்தத்தில் பிடித்த கட்சுவோவுக்கு ஒன்று, இலையுதிர்காலத்தில் பிடித்ததற்கு இன்னொன்று. முதலாவதில் 100 கிராம் சதைக்கு 0.5 கிராம் கொழுப்பு, இரண்டாவதில் 6.2 கிராம். மீன் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான், இடையில் கழிந்தது ஐந்தாறு மாதம். கீரைக்கும் இதே ஏற்பாடு உண்டு. பாலக் கீரையைக் கோடையில் பறித்தால் 100 கிராமில் 20 மில்லிகிராம் வைட்டமின் சி. குளிர்காலத்தில் பறித்தால் 60. பருவத்துக்குப் பருவம் ருசி மாறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஓர் அரசாங்கம் அதை அளந்து, எண்ணாக்கி, அச்சிட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாட்டின் சமையலறை மீதே மரியாதை வருகிறது.

சிங்கப்பூரில் உட்கார்ந்து படிக்கும்போது இந்த அட்டவணை இன்னும் புதுமையாகத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கும் தீவு இது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. தோக்கியோவில் அது ஐந்து மணி நேரத்தை நெருங்கும். உயிர்கள் பருவத்தை அறிந்துகொள்வது பெரும்பாலும் பகலின் நீளத்தையும் வெப்பத்தையும் வைத்துத்தான். மீனின் மூளையில் உள்ள பினியல் சுரப்பி இருட்டில் மெலட்டோனின் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பும் நீளும், இரவு குறுகினால் அதுவும் குறுகும். எப்போது தின்று சேர்ப்பது, எப்போது முட்டைக்குத் தயாராவது என்ற உடலின் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலில் அந்தச் சமிக்ஞை கிட்டத்தட்ட இல்லை.

ஆனாலும் ஜப்பானின் பருவங்கள் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. தேக்கா நிலையத்திலிருந்து சிராங்கூன் ரோட்டோடு வடக்கே நடந்தால், கிச்சனர் ரோடு முனையில் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி வரும். அங்கே உள்ள டொன் டொன் டொங்கி கடையில் குளிர்காலத்தில் ஸ்ட்ராபெரி, கோடையில் பீச், பிறகு பெர்சிமன் என்று வேறொரு அட்சரேகையின் மாதங்கள் அடுக்கில் ஏறி இறங்கும். நடந்து வந்த தெருவின் மறுமுனையில், தேக்காவின் ஈரச்சந்தையில், ஐஸ்கட்டி மேல் கொடுவாவும் வஞ்சிரமும் பாரையும் வவ்வாலும் பன்னிரண்டு மாதமும் ஒரே முகத்தோடு கிடக்கின்றன. உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வரவழைக்கும் நகரத்தில், எங்கோ ஒரு கடலில் எப்போதும் ஏதோ ஒரு பருவம் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் எந்தப் பருவமும் கண்ணில் படுவதில்லை.

ஜப்பானியர் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிடில் ரோடு, ஹைலாம் ஸ்திரீட், மலபார் ஸ்திரீட் என்று இன்றைய பூகிஸைச் சுற்றிய தெருக்கள் அவர்களுடைய குடியிருப்பாக இருந்தன. தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். போருக்கு முன்பு சிங்கப்பூர்ச் சந்தைக்கு வந்த மீனில் கணிசமான பங்கு ஜப்பானிய மீனவர்கள் பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒக்கினாவாக்காரர்கள். பவளப்பாறைகளுக்கு நடுவே வலை கட்டி, ஆட்கள் கூட்டமாக நீந்தி மீன்களை வலைக்குள் விரட்டும் முரோஅமி முறையை இந்தக் கடலுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம்.

பிறகு 1942 பிப்ரவரி வந்தது. தீவு ஜப்பானியப் படையின் கைக்குப் போய், அதன் பெயர் சியோனான் ஆனது. மூன்றரை ஆண்டுகள், அரிசி இருக்க வேண்டிய தட்டில் மரவள்ளிக்கிழங்கு. மாவுச்சத்தைத் தாண்டி அந்தக் கிழங்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. புரதமும் தயாமினும் கிடைக்காமல் பெரிபெரி பரவியது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில்பாதையில் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். ஜப்பானிய உணவைப் பற்றிச் சிங்கப்பூரில் இருந்து தமிழில் எழுதும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1972இல் இசெத்தானும் 1974இல் யாவோஹானும் இங்கே கடை திறந்தபோது, அந்தப் பசியைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நடுவயதைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

இனி கட்சுவோ. சூரை இனத்து மீன் அது. வயிற்றில் நீளவாக்கில் கோடுகள் ஓடுவதால் நம் கரைகளில் வரிச்சூரை என்பார்கள். வெப்பக் கடலில் பிறக்கும் இவற்றில் ஒரு பகுதி, வசந்தத்தில் குரோஷியோ நீரோட்டத்தோடு ஜப்பானின் பசிபிக் கரையோரமாக வடக்கே ஏறும். அந்தப் பயணத்தில் ஓட்டம் அதிகம், தீனி குறைவு. சதை அடர்சிவப்பாக, மெலிந்து இருக்கும். வடகிழக்கே சான்ரிக்கு கரைக்கு அப்பால், வெதுவெதுப்பான குரோஷியோவும் ஊட்டச்சத்து நிறைந்த குளிர்ந்த ஒயாஷியோவும் சந்திக்கின்றன. அங்கே மிதவை உயிரிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னச் சிறுமீன்கள் திரள்கின்றன, சிறுமீன்களைத் தின்னக் கட்சுவோ வருகிறது. கோடை முழுவதும் தின்றுவிட்டு, நீர் குளிரத் தொடங்கியதும் தெற்கே திரும்புகிறது. அட்டவணையின் அந்த இரண்டு வரிகளும் ஒரே பயணத்தின் போக்கும் வரவும்தான்.

ஜப்பானியச் சமையல்காரர்கள் இரண்டையும் இரண்டு விதமாகவே நடத்துகிறார்கள். ஏறும் மீனை வைக்கோல் தீயில் மேலே மட்டும் வாட்டி, இஞ்சியோ பூண்டோ சேர்த்து உண்பார்கள். கொழுப்பில்லாத சதைக்கு அந்தப் புகையும் காரமும் துணை. திரும்பி வரும் மீனுக்கு அந்தத் துணை தேவையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் முதல்வரவு, உச்சம், விடைபெறும் காலம் என்று மூன்று கட்டங்களை அவர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். கைசெக்கி விருந்தில் அடுத்தடுத்து வரும் சிறு கிண்ணங்கள் இந்த மூன்றையும் கலந்து பரிமாறும்: இப்போதுதான் தலைகாட்டும் ஒரு தளிர், நிறைபருவத்தில் உள்ள ஒரு மீன், இனி அடுத்த ஆண்டுதான் என்று சொல்லும் ஒரு காய். நம் இலக்கணம் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாக வகுத்தது. சீனாவிலிருந்து வந்த, ஆண்டின் 72 பருவப் பிரிவுகளை ஷிபுகாவா ஷுங்காய் என்னும் வானியலாளர் 1685இல் ஜப்பானிய மண்ணுக்கு ஏற்பத் திருத்தினார். அவரது கணக்கில் ஒரு பருவத்தின் ஆயுள் ஐந்து நாள்.

கொழுப்பு ஏறிய குளிர்க்கடல் மீன் வாயில் கரைவதற்குத் தெளிவான காரணம் உண்டு. குளிர்நீரில் வாழும் மீனின் உடலில் கொழுப்பு விறைத்துவிடக் கூடாது. விறைத்தால் செல்களின் சவ்வுகள் வேலை செய்யாது. ஆகவே அந்த மீன்கள் இபிஏ, டிஹெச்ஏ போன்ற, இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த கொழுப்பு அமிலங்களைச் சேர்க்கின்றன. இந்த மூலக்கூறுகள் வளைந்து நெளிந்து கிடப்பதால் நெருக்கமாக அடுக்கமைந்து உறைய முடிவதில்லை. கடலில் உயிர் காக்கும் அந்தக் குணம், மனித வாயின் வெப்பத்தில் உடனே உருகும் குணமாகத் தெரிகிறது. அதே இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஆக்சிஜன் எளிதில் தாக்கும் என்பதால், கொழுத்த மீன் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. ருசியும் கேடும் ஒரே வேதியியலின் இரண்டு விளைவுகள்.

பருவம் பார்த்து மீன் வாங்கும் அறிவு ஜப்பானியருக்கு மட்டும் வாய்த்ததல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துக் கரைகளிலும் கேரளத்திலும் சாளையில் நெய் ஏறும் மாதத்துக்காகக் காத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கடலின் மேல்நீர் விலக, ஆழத்துக் குளிர்நீர் ஊட்டச்சத்தோடு மேலே வருகிறது. டயட்டம் என்னும் நுண்பாசிகள் செழிக்கின்றன. மழைக்காலத்தில் முட்டையிட்டு இளைத்த சாளை, இந்தப் பாசியைத் தின்று உடலை மீட்கிறது. சில சதவிகிதமாக இருந்த கொழுப்பு, ஐப்பசி கார்த்திகை வாக்கில் பதினைந்து சதவிகிதத்தையும் தொடும். சட்டியில் போட்டால் எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத அந்தச் சாளையும், வடக்கிலிருந்து திரும்பும் கட்சுவோவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. கட்சுவோவின் பருவத்தை நீர் குளிர்வது நடத்துகிறது, சாளையின் பருவத்தைக் காற்று நடத்துகிறது. வெப்பமண்டலத்துக்குப் பருவம் இல்லை என்பது தவறான பேச்சு. சிங்கப்பூரிலும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் படகுகள் குறைகின்றன. சீனப் புத்தாண்டுத் தேவையும் சேர்ந்துகொள்ள, வவ்வால் விலை எத்தனை வெள்ளி ஏறுகிறது என்று தேக்காவில் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

சரி, மெலிந்த சூரைக்கு மதிப்பில்லையா? உண்டு, மிகப் பெரிய மதிப்பு உண்டு. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்னும் சாற்றுக்குக் கட்சுவோபுஷி வேண்டும். கட்சுவோவை வேகவைத்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகையூட்டி உலர்த்துவார்கள். உயர்ந்த ரகங்களில் ஆஸ்பர்ஜில்லஸ் இனப் பூஞ்சையைப் படரவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். முடிவில் அது மரக்கட்டை போல் இறுகிவிடும். இழைப்புளி வைத்துத்தான் சீவ வேண்டும். இதற்குக் கொழுத்த மீன் ஆகாது. கொழுப்பு கெட்டுச் சாற்றைக் கலங்கடிக்கும். ஆண்டு முழுதும் மெலிந்தே இருக்கும் வெப்பக்கடல் சூரை இந்த வேலைக்குத் தோதானது.

அந்த வேலையை மாலத்தீவுக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அதே வரிச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். பூஞ்சை மட்டும் கிடையாது. 1340களில் அங்கே தங்கிய இப்னு பதூதா, அந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதைப் பதிவுசெய்திருக்கிறார். நம் மாசிக்கருவாடு அதுதான். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் இடித்துச் சம்பலில் போடும் மாசியும், கியோத்தோவின் விருந்துக்கூடங்களில் பூவிதழாகச் சீவும் கட்சுவோபுஷியும் ஒரே மீன். இலங்கைச் சரக்கு விற்கும் கடையில் மாசித் துண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறவு நினைவுக்கு வந்து மகிழ்ச்சி தருகிறது.

இரண்டு மரபுகளும் மீனை முதலில் வேகவைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயிருள்ள தசைக்கு எரிபொருள் ஏடிபி. மீன் இறந்ததும் அது படிப்படியாக உடைகிறது: ஏடிபி‌யிலிருந்து சில படிகள் கடந்து ஐஎம்பி என்னும் இனோசினேட், அதிலிருந்து இனோசின், கடைசியில் ஹைபோசாந்தின். ஐஎம்பி நாவுக்கு இனியது, ஹைபோசாந்தின் கசக்கும். நடுவில் உள்ள அந்த நல்ல கட்டத்திலேயே மீனை நிறுத்திவைக்க வேண்டுமானால், ஐஎம்பியை உடைக்கும் நொதிகளைக் கொல்ல வேண்டும். கொதிநீர் அதைச் செய்துவிடுகிறது. சிங்கப்பூர்ச் சமையலில் நீங்காத இக்கான் பிலிஸ் என்னும் நெத்திலியையும் பிடித்த சூட்டில் உப்புநீரில் வேகவைத்துவிட்டுத்தான் காயவைக்கிறார்கள். நொதி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே, மூன்று கடல்களின் மீனவர்கள் ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றில் உள்ள ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் இக்கேதா கிக்குனாயே 1908இல் கண்டறிந்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ 1913இல் கட்சுவோபுஷியில் இனோசினேட்டை அடையாளம் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும் என்பதை வெளிக்கொண்டுவந்தவர் குனினாக்கா அக்கிரா. ஏன் அப்படி என்பதற்கு விடை நாவின் ஏற்பிகளில் கிடைத்தது. 2002இல் அடையாளம் காணப்பட்ட டி1ஆர்1, டி1ஆர்3 இணை ஏற்பியின் மடிப்புக்குள் குளுட்டமேட் வந்து அமர, மடிப்பு மூடுகிறது. அருகிலேயே ஒட்டிக்கொள்ளும் இனோசினேட், அது எளிதில் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மூளைக்குப் போகும் செய்தி வலுக்கிறது. கருவாட்டுக் குழம்பில் நன்றாகப் பழுத்த தக்காளியைக் கரைத்துவிடும் கைகளும் இதைத்தான் செய்கின்றன: பழுத்த தக்காளியில் குளுட்டமேட், உலர்மீனில் இனோசினேட்.

ஏடிபி உடையும் இந்தப் படிகளை வைத்தே 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கே மதிப்பு என்ற அளவுகோலை வகுத்தார்கள். ஏடிபியும் அது உடைந்து உண்டான பொருள்களும் சேர்ந்த மொத்தத்தில் இனோசினும் ஹைபோசாந்தினும் எத்தனை சதவிகிதம் என்ற கணக்கு அது. இருபதுக்குள் இருந்தால் பச்சையாக உண்ணத் தகும். பிடித்த கணத்தில் மூளையில் குத்தி, இரத்தம் வடித்து, முதுகெலும்புக் குழாயில் கம்பி செலுத்தித் தண்டுவடத்தை அழிக்கும் இக்கேஜிமே முறைக்கும் இதுவே அடிப்படை. துடிதுடித்துச் சாகும் மீன் தன் ஏடிபியைத் துடிப்பிலேயே செலவழித்துவிடும். சட்டென்று அடங்கிய மீனில் அது சேமிப்பாக மிஞ்சும். அந்தச் சேமிப்பு விமானத்தில் வரும்போது மெல்ல இனோசினேட்டாக மாறிக்கொண்டே வருகிறது. அதனால்தான் தோக்கியோவின் தோயோசு மீன்சந்தையில் வாங்கி ஏழு மணி நேரப் பயணத்தில் சாங்கியில் இறங்கும் சில மீன்களுக்கு, பிடித்த நிமிடத்தைவிட மறுநாள் ருசி கூடுதலாக இருக்கிறது.

பச்சை மீன் எல்லாம் ஒன்றல்ல என்பதைச் சிங்கப்பூர் 2015இல் வலியோடு கற்றது. அந்த ஆண்டு, கஞ்சியோடு பரிமாறப்பட்ட பச்சை நன்னீர் மீன் துண்டுகளை உண்ட பலர் கடும் நோயில் விழுந்தார்கள். எஸ்டி283 என்னும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இரத்தத்திலும் மூளையுறையிலும் தொற்றியது. சோங், தோமான் என்ற குளத்து மீன்களில் அது தங்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பச்சை நன்னீர் மீனை அப்படியே உண்ணக் கொடுப்பதை அரசு தடை செய்தது. ஜப்பானியச் சஷிமிக்குப் பெரும்பாலும் கடல்மீன்தான். அதிலும் எந்த இனம், எந்தக் கடல், எத்தனை பாகைக் குளிரில் எத்தனை நேரம் என்ற ஒழுங்கு முழுதும் அதன் பின்னால் நிற்கிறது. அந்த ஒழுங்கை விட்டுவிட்டுப் பச்சை மீனை மட்டும் எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

செடிகளில் பருவம் வேறு வழியில் எழுதப்படுகிறது. ஜப்பானில் குளிர் முற்றியதும், சில விவசாயிகள் பாலக் வளரும் பசுமைக்குடிலின் பக்கங்களை வேண்டுமென்றே திறந்துவிட்டுப் பனிக்காற்றை உள்ளே விடுவார்கள். குளிர் தாக்கியதும் இலையின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் பகல் வெயிலில் சர்க்கரை தயாரிப்பு ஓரளவு தொடரும். செலவில்லாத சர்க்கரை இலையில் தேங்குகிறது. செல்லுக்குள் நீர் உறையாமல் காப்பதும் அதுவே. உண்பவருக்கு அது இனிப்பு.

இதை வாசித்ததும் எனக்கு நினைவு வந்தது பொங்கல் கரும்பு. சித்திரை வைகாசியில் நட்ட கரும்பு, மழை ஓய்ந்து மண் காய்ந்து இரவுகள் குளிரும் மார்கழியில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. இலை தயாரிக்கும் சர்க்கரை புதுக் கணுக்களாகச் செலவாகாமல் தண்டிலேயே தங்குகிறது. தையில் கரும்பு இனிப்பதற்கு மார்கழிக் குளிரே காரணம். ஜனவரி நடுவில் கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் சாய்த்துவைக்கப்பட்டிருக்கும்போது, நெல் விளையாத தீவில் ஓர் அறுவடை மாதம் நடக்கிறது. டொங்கியின் அடுக்கில் ஜப்பானின் குளிர்காலம் வந்திறங்குவதற்கு வெகுகாலம் முன்பே, தமிழர்கள் தங்கள் தை மாதத்தைக் கப்பலேற்றிச் சிராங்கூன் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் பருவங்களே நிலைகுலைகின்றன. ஜப்பானின் இலையுதிர்கால மீனான சன்மாவை அந்நாட்டுப் படகுகள் 2008இல் சுமார் மூன்றரை லட்சம் டன் பிடித்தன. 2022இல் பதினெட்டாயிரம் டன்னுக்கும் குறைவு. கிடைத்த மீன்களும் இளைத்திருந்தன. மேற்குக் கரையின் குளிர்கால மீன் என்று பெயர்பெற்ற புரி, கடல் சூடேறியதும் வடக்கே ஹொக்கைடோ வரை ஏறிவிட்டது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் கிடைத்த சாளை, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. ஜப்பானிலும் கேரளத்திலும் குமரியிலும் இதை மீனவர்கள் வலையில் பார்க்கிறார்கள், சமைப்பவர்கள் சட்டியில் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இது விலையில் மட்டும் தெரிகிறது, அதுவும் காரணம் சொல்லாமல்.

ஜப்பானியக் கடைகளில் மீனின் பொட்டலத்தில் அது எங்கே பிடிபட்டது, வளர்ப்பு மீனா, உறையவைத்து இளக்கியதா என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது அங்கே சட்டம். தேக்காவில் இதைக் கேட்டால் சொல்லக்கூடிய மீன்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வஞ்சிரம் இந்தோனேசியாவிலிருந்தா இந்தியாவிலிருந்தா, எந்த மீன் இப்போது சினை வைத்திருக்கிறது, எதில் நெய் ஏறியிருக்கிறது என்பது அவர்களுக்கு வயிற்றை அமுக்கிப் பார்த்தாலே தெரியும். அந்தத் தகவலை விலைக்குப் பக்கத்தில் ஒரு வரியாக, கடலின் பெயரும் மாதமும் சேர்த்து, தமிழிலும் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். வாங்குகிறவர்கள் கேட்டால் எழுதுவார்கள்.